மலையிலிருந்து வரும் அக்காள், தம்பி: வளர்ப்புக் குடும்பத்தில் சேர்க்கும் முன் என்ன சொல்வது, எதைக் கொண்டுபோவது?

கேள்வி | பதிவிட்டவர்: மலையடிவாரம்

அனைவருக்கும் வணக்கம். நான் சேலம் மாவட்டத்தில் குழந்தைகள் பாதுகாப்புப் பணியில் சமூகப் பணியாளராகச் சேர்ந்து எட்டு மாதங்கள் ஆகின்றன. வீடுகளுக்குச் சென்று விசாரிப்பது, சமூக விசாரணை அறிக்கை எழுதுவது, குழந்தைகள் நலக் குழுவின் முன் குழந்தையை அழைத்துப் போவது எல்லாம் ஓரளவு பழகிவிட்டன. ஒரு குழந்தையை, தத்தெடுக்காமல் சில காலம் பார்த்துக்கொள்ளும் வளர்ப்புக் குடும்பத்தில் சேர்க்கும் பொறுப்பு இப்போதுதான் முதல் முறையாக என் கைக்கு வந்திருக்கிறது. குழந்தைகளை யாரும் அடையாளம் கண்டுவிடக் கூடாது என்பதற்காக வயதையும் வேறு சில விவரங்களையும் மாற்றி எழுதுகிறேன்.

ஏற்காட்டுக்கு மேலே ஒரு காப்பித் தோட்டத்தின் லைன் வீட்டில் (தோட்டத் தொழிலாளர்களுக்கான வரிசை வீட்டில்) வளர்ந்தவர்கள் இந்த அக்காளும் தம்பியும். அவளுக்கு ஒன்பது வயது, அவனுக்கு ஐந்து. அப்பா இல்லை. அம்மா மனநலச் சிகிச்சைக்காக மருத்துவமனையில் தங்கியிருக்கிறார். குணமாகித் திரும்பச் சில மாதங்களாவது ஆகும் என்று மருத்துவர் சொல்கிறார். இதுநாள்வரை பாட்டிதான் இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டார். அவரும் சென்ற மாதம் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து படுத்த படுக்கையாகிவிட்டார். குழந்தைகள் இப்போது தற்காலிகமாக ஒரு குழந்தைகள் இல்லத்தில் இருக்கிறார்கள். சேலம் நகரத்திலுள்ள ஒரு தம்பதியர் இருவரையும் சேர்த்தே ஏற்றுக்கொள்ள முன்வந்திருக்கிறார்கள். அவர்களுடைய வீட்டாய்வு முடிந்துவிட்டது. குழு ஆணையிட்டால் இரண்டு வாரங்களில் அழைத்துச் செல்ல வேண்டும்.

அக்காள் என்னைப் பார்க்கும்போதெல்லாம் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறாள்: "அங்க போனா எங்கம்மா எங்கள எப்படிக் கண்டுபிடிப்பாங்க?" நான் ஒவ்வொரு முறையும் "அம்மா வந்துடுவாங்க கண்ணு" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடுகிறேன். அந்தப் பதிலில் எவ்வளவு உண்மை என்று எனக்கே தெரியாது. முதன்முதலாக மலையிலிருந்து அவர்களை இறக்கி அழைத்து வந்த அன்று, அவள் ஜீப்பில் ஜன்னலோரம் உட்கார்ந்து, கொண்டை ஊசி வளைவுகளில் நட்டிருக்கும் எண் பலகைகளை இருபது, பத்தொன்பது, பதினெட்டு என்று வாய்க்குள்ளேயே படித்துக்கொண்டு வந்தாள். அடிவாரம் வந்ததும் என் பக்கம் திரும்பி, "ஒண்ணு வந்துடுச்சு. இனிமே எப்படிக் கணக்கு வெக்கிறது?" என்று கேட்டாள். அந்த முகம் என்னை விட்டுப் போகவே மாட்டேன் என்கிறது.

அம்மாவைப் பற்றி அவளிடம் என்ன சொல்ல வேண்டும்? வீட்டிலிருந்து எதையெல்லாம் கொண்டுவர வேண்டும்? சேர்த்த பிறகு நான் எத்தனை நாளுக்கு ஒரு முறை போக வேண்டும்? இந்தப் பாதையில் நடந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1 | பதிவிட்டவர்: கோரிமேட்டிலிருந்து

மகளே, வணக்கம். நான் இதே பணியில் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் இருந்து ஓய்வு பெற்றவள். உங்கள் கேள்விகளுக்கு வருவதற்கு முன், நீங்கள் எழுதாமல் விட்ட ஒன்றைக் கேட்க வேண்டியிருக்கிறது. குழந்தைகளுக்குப் பெரியம்மா, சித்தி, மாமன் என்று யாருமே இல்லையா? இருந்தால் அவர்களுடைய வீட்டுக்கு நேரில் போனீர்களா, அல்லது தொலைபேசியில் கேட்டு "இயலாது" என்று எழுதினீர்களா?

குறை சொல்வதற்காகக் கேட்கவில்லை. இளைஞர் நீதிச் சட்டம், 2015, தன் 3ஆம் பிரிவிலேயே குழந்தையைப் பராமரிக்கும் முதல் பொறுப்பு குடும்பத்துக்கே என்றும், இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழியாகவே இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. உறவினர் "எங்களால் முடியாது" என்று சொல்வதற்கு, நான் பார்த்தவரையில், பத்தில் எட்டு முறை பணம்தான் காரணமாக இருக்கும். அதற்காகத்தான் 45ஆம் பிரிவில் நிதி ஆதரவு என்ற ஏற்பாடு இருக்கிறது. குழந்தைகள் பாதுகாப்புக்கான மிஷன் வாத்சல்யா என்ற மத்திய அரசுத் திட்டத்தின் கீழ்க் குழந்தை ஒன்றுக்கு மாதம் 4,000 ரூபாய் கிடைக்கும். இரண்டு குழந்தைகள் என்றால் 8,000 ரூபாய். குடும்பத்தின் ஆண்டு வருமானம் கிராமப்புறத்தில் 72,000 ரூபாய்க்கும், மற்ற இடங்களில் 96,000 ரூபாய்க்கும் மேற்படக் கூடாது என்ற வரம்பு உண்டு. தோட்ட வேலை ஆண்டு முழுவதும் ஒரே அளவில் இருப்பதில்லை. எனவே வருமானத்தை நீங்களே குத்துமதிப்பாகக் கணக்கிட்டு விண்ணப்பத்தை நிறுத்திவிடாதீர்கள். வருமானச் சான்றிதழ் வாங்கிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

உறவினர் வீடு உண்மையிலேயே சாத்தியப்படாது என்றால், வளர்ப்புக் குடும்பம் நல்ல வழிதான். இருவரையும் சேர்த்தே ஏற்கிறார்கள் என்பதைப் படித்தபோது மனம் நிறைந்தது. உடன்பிறந்தவர்களை ஒரே வளர்ப்புக் குடும்பத்தில் வைக்க எல்லா முயற்சியும் எடுக்க வேண்டும் என்று 44ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் நடைமுறையில் "ஒரு குழந்தை போதும், அதுவும் சின்னதாக இருந்தால் நல்லது" என்று கேட்பவர்களே அதிகம். நம் சேலத்தில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. வளர்க்க முடியாத பச்சிளங் குழந்தைகளை அரசிடம் ஒப்படைக்க வழிசெய்யும் தொட்டில் குழந்தைத் திட்டம் 1992இல் தொடங்கியது இந்த மாவட்டத்தில்தான் என்பதால், "அரசாங்கம் மூலமாகக் குழந்தை" என்ற பேச்சு எழுந்தவுடனேயே மக்கள் மனத்தில் தத்தெடுப்புதான் வந்து நிற்கிறது. வளர்ப்புப் பராமரிப்பில் குழந்தைக்கு அம்மா இருக்கிறார், அந்த அம்மாவிடமே குழந்தை திரும்பிப் போகலாம், திரும்பிப் போவதற்குத்தான் நாம் உழைக்க வேண்டும் என்பதை அந்தத் தம்பதியரிடம் எத்தனை முறை சொன்னாலும் தகும். ஓராண்டுக்கு உட்பட்டது குறுகிய காலப் பராமரிப்பு, அதற்கு மேற்பட்டது நீண்ட காலப் பராமரிப்பு. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் இது குறுகிய காலத்துக்கானது. அதை அவர்கள் வாயாலேயே சொல்ல வைத்துக் கேளுங்கள்.

இப்போது அம்மாவைப் பற்றி என்ன சொல்வது என்பதற்கு வருகிறேன். "வந்துடுவாங்க" என்று சொல்லாதீர்கள். அது உங்களால் காப்பாற்ற முடியாத வாக்கு. குழந்தை அதை நாள் எண்ணும் வாக்காக எடுத்துக்கொள்ளும். பத்து நாள் எண்ணிவிட்டு, பதினோராவது நாள் உங்களை நம்புவதை நிறுத்திவிடும். தெரிந்ததை மட்டும் சொல்லுங்கள். "அம்மாவுக்கு மனசுல உடம்பு சரியில்ல. டாக்டர் மருந்து குடுக்கிறாரு. எப்ப சரியாகும்னு டாக்டருக்கே இன்னும் தெரியல. நீ செஞ்ச எதனாலயும் அம்மாவுக்கு இப்படி ஆகல. நீ எங்க இருக்கேன்னு நான் அம்மாகிட்ட போய்ச் சொல்றேன்." கடைசி இரண்டு வாக்கியங்கள்தான் முக்கியம். தன்னால்தான் அம்மாவுக்கு இப்படி ஆயிற்று என்று நினைக்காத குழந்தையை நான் இன்னும் பார்க்கவில்லை. வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், அவ்வளவுதான். நீங்கள் சொன்னபடியே மருத்துவமனைக்குப் போய் அம்மாவிடம் சொல்லிவிட்டு, அவர் என்ன சொன்னார் என்பதைக் குழந்தையிடம் வந்து சொல்ல வேண்டும். பெற்றோர் இடைவிட்டு இடைவிட்டு வந்து குழந்தையைப் பார்க்கலாம் என்று அதே 44ஆம் பிரிவு அனுமதிக்கிறது. வேண்டாம் என்று குழு கருதினால் காரணத்தை எழுதிப் பதிவு செய்ய வேண்டும். மருத்துவர் சரி என்றால் அந்தச் சந்திப்புக்கான ஏற்பாட்டை இப்போதே ஆணையில் கேட்டுப் பெறுங்கள்.

சேர்க்கும் நாளுக்கு முன் இரண்டு சந்திப்புகளாவது நடக்கட்டும். முதலில் அந்தத் தம்பதியர் இல்லத்துக்கு வரட்டும். பிறகு குழந்தைகள் அவர்கள் வீட்டுக்குப் போய், ஒரு வேளை சாப்பிட்டுவிட்டு, மாலையில் திரும்பட்டும். போன வீட்டிலிருந்து திரும்பி வர முடிகிறது என்பதைக் குழந்தை தன் உடம்பால் அறிந்துகொள்வது ஆயிரம் சமாதானங்களுக்குச் சமம்.

பதில் 2 | பதிவிட்டவர்: தறிக்காரர் வீடு

நான் அம்மாப்பேட்டைப் பக்கம் இருக்கிறேன். எங்கள் வீட்டில் ஒரு பையன் ஒன்றரை ஆண்டு வளர்ப்புப் பராமரிப்பில் இருந்துவிட்டு, இப்போது தன் தாத்தாவிடம் திரும்பிப் போய்விட்டான். அவனும் மலைப்பக்கத்துப் பிள்ளைதான். அலுவலகத்தில் சொல்லித் தராத சிலவற்றை எழுதுகிறேன்.

முதல் வாரம் அவன் தூங்கவே இல்லை. அம்மாவை நினைத்துத்தான் தூங்கவில்லை என்று நாங்கள் எண்ணிக்கொண்டிருந்தோம். அதுவும் உண்மையாக இருக்கலாம். ஆனால் ஐந்தாம் நாள் இரவு அவன் பாயைச் சுருட்டிக்கொண்டு வாசல் திண்ணைக்குப் போய்ப் படுத்ததைப் பார்த்து என் வீட்டுக்காரர் கேட்டபோதுதான், தலைக்கு மேல் மின்விசிறி சுற்றுவது அவனுக்குப் பயமாக இருக்கிறது என்பது தெரிந்தது. அது அறுந்து விழுந்துவிடும் என்று நினைத்திருக்கிறான். அவன் வளர்ந்த குளிரில் மின்விசிறியே கிடையாது. பக்கத்துப் பட்டறையில் விடிய விடிய ஓடும் விசைத்தறிச் சத்தம் எங்கள் காதுக்குக் கேட்பதே இல்லை; அவனுக்கோ அது யாரோ கதவைத் தட்டிக்கொண்டே இருப்பது போல இருந்திருக்கிறது. மறுநாள் அவனைப் பட்டறைக்கு அழைத்துப் போய்த் தறி ஓடுவதைக் காட்டினோம். நூலை இழுத்துச் செல்லும் நாடா அங்குமிங்கும் போய் வருவதை அரை மணி நேரம் நின்று பார்த்தான். அன்று இரவு தூங்கினான். ஆகவே, அந்தக் குழந்தைகள் படுக்கும் இடத்தில் இரவில் என்னென்ன சத்தம் கேட்கும் என்று நீங்களே ஒரு முறை உட்கார்ந்து கேட்டுப் பாருங்கள் அம்மா.

அடுத்தது சாப்பாடு. மூன்றாவது வாரத்தில் அவன் புத்தகப் பையைத் துவைக்க எடுத்தபோது அடியில் தட்டுவடை, அரை இட்லி, காய்ந்துபோன முறுக்கு எல்லாம் கிடந்தன. என் மாமியார் "திருடுகிறானே" என்று வருந்தினார். எனக்கும் ஒரு கணம் அப்படித்தான் தோன்றியது. பிறகு எங்களுடன் பேசிய ஆற்றுப்படுத்துநர்தான், அடுத்த வேளை உணவு நிச்சயமில்லாமல் வளர்ந்த குழந்தை இப்படித்தான் சேர்த்து வைக்கும் என்று புரிய வைத்தார். ஒரு எவர்சில்வர் டப்பாவில் பொரிகடலையும் வெல்லமும் போட்டு, "இது உன்னுது சாமி, யாரையும் கேக்க வேண்டாம்" என்று அவன் அலமாரியில் வைத்தேன். இரண்டு மாதங்கள் அந்த டப்பா தினமும் காலியாகும், நான் தினமும் நிரப்புவேன். அப்புறம் ஒருநாள் அது அப்படியே இருந்தது.

எங்களை எப்படிக் கூப்பிட வேண்டும் என்பதை முதல் நாளே பேசி வையுங்கள். என்னை "அம்மா" என்று கூப்பிடச் சொல்லி அக்கம்பக்கத்தார் அவனை வற்புறுத்தினார்கள். நான் "உனக்கு அம்மா இருக்காங்க, என்னை அத்தைன்னு கூப்பிடு" என்றேன். அவன் உடம்பு இறுக்கம் தளர்ந்ததை என் கையால் உணர்ந்தேன்.

ஒரு மனக்குறையும் உண்டு. ஆய்வுக்கு வந்த ஒருவர், நான் காப்பி கொடுத்துக்கொண்டிருக்கும்போதே, கூடத்தில் வைத்து "இங்க உன்னை நல்லாப் பாத்துக்கறாங்களா?" என்று அவனைக் கேட்டார். என் எதிரில் அவன் வேறென்ன சொல்வான்? தலையை ஆட்டினான். அவர் எழுதிக்கொண்டு போய்விட்டார். நீங்கள் போகும்போது தயவுசெய்து குழந்தையைத் தனியாக, ஒரு நடை வெளியே அழைத்துப் போய்ப் பேசுங்கள். நாங்கள் தவறாக நினைக்க மாட்டோம்.

பதில் 3 | பதிவிட்டவர்: ஓமலூர் ரோடு

நான் இல்லத்தில் வளர்ந்தவன். எனக்கு ஏழு வயதில், "மேட்டூருக்குப் போய் அணையும் பூங்காவும் பார்க்கலாம்" என்று சொல்லித்தான் என்னை வண்டியில் ஏற்றினார்கள். புதுச் சட்டை போட்டுவிட்டார்கள். அணை வரவில்லை. ஒரு பெரிய கேட் வந்தது. என்னை அழைத்து வந்தவர் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பின்வாசல் வழியாகப் போய்விட்டார், நான் அழுவேன் என்பதற்காக. அவர் கெட்டவர் இல்லை. அழுகையைப் பார்க்க முடியாதவர் என்று இப்போது புரிகிறது. ஆனாலும் அதற்குப் பிறகு பல ஆண்டுகள், யாராவது எனக்குப் புதுச் சட்டை கொடுத்தால் எங்கே கொண்டுபோய் விடப் போகிறார்களோ என்றுதான் தோன்றும்.

குழந்தை அழட்டும். அழும்போது நீங்கள் அங்கே இருங்கள். போகும்போது சொல்லிக்கொண்டு, முன்வாசல் வழியாகப் போங்கள். மறுபடி எந்தக் கிழமை வருவேன் என்று சொல்லிவிட்டு, அந்தக் கிழமை கட்டாயம் வாருங்கள்.

என்ன கொண்டுவருவது என்று கேட்டீர்கள். அம்மாவின் பழைய புடவை ஒன்று, துவைக்காமல். பாட்டியின் கையால் சாப்பிட்ட தட்டோ டம்ளரோ இருந்தால் அதுவும். லைன் வீட்டின் வாசல், அவர்கள் வளர்த்த நாய், பள்ளிக்கூடம், பாட்டி ஆகியவற்றைப் படமெடுத்து ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஒட்டி, எது எந்த ஊர், யார் யார் என்று பெரியவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள். என் அம்மா பிறந்த ஊரின் பெயர் எனக்கு இருபத்திரண்டு வயதில்தான் தெரிந்தது, அதுவும் ஒரு பழைய கோப்பின் ஓரத்தில் யாரோ பென்சிலில் எழுதியிருந்ததைப் பார்த்து.

பதில் 4 | பதிவிட்டவர்: சூரமங்கலம் ஆசிரியர்

பள்ளி தொடர்பாக மட்டும் சொல்கிறேன். மாற்றுச் சான்றிதழ் வர நாளாகிறது என்ற காரணத்தைச் சொல்லி எந்தப் பள்ளியும் சேர்க்கையைத் தாமதப்படுத்தவோ மறுக்கவோ கூடாது. கல்விபெறும் உரிமைச் சட்டம், 2009இன் 5ஆம் பிரிவு இதைத் தெளிவாகச் சொல்கிறது. குழந்தையின் எமிஸ் எண்ணை (பள்ளிக் கல்வித் துறை ஒவ்வொரு மாணவருக்கும் தரும் எண்ணை)க் கையில் வைத்துக்கொண்டால் பழைய பள்ளியிலிருந்து பெயரை மாற்றும் வேலை எளிதாகும். குழந்தைகள் மலையாளிப் பழங்குடியினர் (கேரளத்தவர் அல்ல, இந்த மலைகளில் வாழும் பழங்குடியினர்) என்றால், சாதிச் சான்றிதழை இப்போதே கேட்டு வாங்கி வையுங்கள். பழங்குடியினருக்கான சான்றிதழைக் கோட்டாட்சியர் அலுவலகத்தில்தான் பெற வேண்டும். பெற்றோர், பாட்டி ஆகியோரின் ஆவணங்கள் எங்கே இருக்கின்றன என்று தெரிந்தவர்கள் பக்கத்தில் இருக்கும்போது செய்யாவிட்டால், பத்தாம் வகுப்பு முடிக்கும் நேரத்தில் குழந்தை தவித்துப்போகும்.

வகுப்பாசிரியரிடம் தேவையான அளவு மட்டும் சொல்லுங்கள். "வளர்ப்புக் குழந்தை" என்று வகுப்பில் யாரும் அறிமுகப்படுத்தக் கூடாது. பள்ளி விழாவில் எடுத்த படத்தை இந்தக் குழந்தையின் கதையோடு சேர்த்து வாட்ஸ்அப்பில் போட்டுவிடும் நல்ல மனம் கொண்டவர்களையும் பார்த்திருக்கிறேன்; குழந்தையின் அடையாளத்தை ஊடகத்தில் வெளியிடுவது இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவின்படி சிறைத்தண்டனைக்குரிய குற்றம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

மீண்டும் | பதிவிட்டவர்: மலையடிவாரம்

உங்கள் எல்லோருக்கும் நன்றி. கோரிமேட்டு அம்மா கேட்ட கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும். பெரியம்மா ஒருவர் இருக்கிறார். தொலைபேசியில்தான் பேசியிருந்தேன். "வெச்சுக்க ஆசதான், முடியலியே" என்று அவர் சொன்னதில் பிற்பாதியை மட்டும் அறிக்கையில் எழுதியிருந்தேன்.

சென்ற செவ்வாயன்று மேலே போனேன். அவர்கள் இருப்பது வேறொரு தோட்டத்தில், ஒற்றை அறை வீடு. அவருக்கு நான்கு பிள்ளைகள், மூத்தவளுக்குக் கல்யாணப் பேச்சு நடக்கிறது. நிதி ஆதரவு பற்றி விளக்கினேன். கணவனும் மனைவியும் வேலைக்குப் போவதால் வருமானம் வரம்பைத் தாண்டக்கூடும் என்று தோன்றுகிறது; ஆனாலும் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கச் சொல்லியிருக்கிறேன். இடம் கொஞ்சம் ஒழியும் வரை குழந்தைகள் கீழே இருக்கட்டும் என்றும், மாதம் ஒரு முறை தான் இறங்கி வந்து பார்ப்பதாகவும், மே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு இருவரையும் தன் வீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்றும் கேட்டார். இவற்றையெல்லாம் கூடுதல் அறிக்கையாக எழுதிக் குழுவிடம் கொடுத்துவிட்டேன். வரும்போது பாட்டியின் வீட்டிலிருந்து அம்மாவின் நீலப் புடவை ஒன்றையும் தம்பியின் ஈயத் தட்டையும் எடுத்து வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அந்தத் தம்பதியர் இல்லத்துக்கு வந்தார்கள். நான் அக்காளிடம் முந்தின நாளே அம்மாவைப் பற்றித் தெரிந்ததையும் தெரியாததையும் சொல்லியிருந்தேன். அவள் அழுதாள், நான் எழுந்து போகவில்லை. அந்த அம்மையாரிடம் அவள் கேட்ட முதல் கேள்வி, "உங்க வீட்டுக்கு எத்தன வளைவு?" என்பதுதான். அவர் சற்றுத் திகைத்தார். பிறகு, "அடிவாரத்துக்கு இங்கிட்டு வளைவு கெடையாது பாப்பா, ஸ்டாப்பிங்தான். வா, எண்ணலாம்" என்று சொல்லி, அவள் நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பச் சொன்னார். முதலில் இருபதிலிருந்து ஒன்று வரை அவளே எழுதினாள். அதற்குக் கீழே அடிவாரம், கோரிமேடு, அஸ்தம்பட்டி, பழைய பேருந்து நிலையம் என்று அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டே போனாள். தெருப் பெயருக்கும் கதவு எண்ணுக்கும் இடம் விட்டிருக்கிறாள். குழுவின் ஆணை வந்ததும் எழுதிக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறேன். எழுதி முடித்ததும் இன்னொரு தாளில் அதை அப்படியே பார்த்து எழுதி, நான்காக மடித்து, அம்மாவிடம் கொடுக்கச் சொல்லி என் கையில் வைத்தாள். வியாழக்கிழமை பார்வையாளர் நேரத்தில் மருத்துவமனைக்குப் போகிறேன். அன்றே மாலை இல்லத்துக்கு வருவேன் என்று அவளிடம் சொல்லிவிட்டேன்.